புதன்கிழமை வந்த மருந்து

புதிதாகக் கோழிப்பண்ணை வேலைக்குச் சேர்ந்த உங்களில் யார் வந்தாலும் என்னிடம் முதலில் கேட்பது தீவன அளவுதான். ஒரு கோழிக்கு நாளைக்கு எத்தனை கிராம், எத்தனை சதுர அடி இடம், எத்தனை மணி நேரம் வெளிச்சம். ஐயா, அம்மா, அதெல்லாம் தீவன மூட்டையின் மேலேயே அச்சடித்திருக்கிறது. வாசிக்கத் தெரிந்த யாரும் அதைப் பார்த்துப் போட்டுவிடலாம். அதற்கு ஓய்வு பெற்ற ஒரு கிழவியைத் தேடிவந்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

மூட்டையில் அச்சடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

நான் எஹலியகொடைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்தவள். படித்து, அரசாங்கக் கோழிப் பண்ணையில் உதவியாளராகச் சேர்ந்து, இருபது வருடத்துக்கு மேல் அங்கே கழித்தேன். வேலையின் கடைசி வருடங்களில்தான் தெரணியகலைக்கு மேலே உள்ள ஒரு சேதனப் பண்ணைக்கு மேற்பார்வையாளராகப் போனேன். பஸ் திரும்புகிற இடத்திலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடம் ஏற வேண்டும். பழைய ரப்பர்த் தோட்டம். பாதியை அழித்துத் தேயிலையும் மிளகும் போட்டிருந்தார்கள். உரமூட்டை, பூச்சிமருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது. எல்லாம் இயற்கை.

அதன் சொந்தக்காரரை எல்லோரும் துரை என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயதிருக்கும். கொழும்பில் கம்பியூட்டர் வேலையை விட்டுவிட்டு, தாத்தாவின் தோட்டத்தைத் தூக்கி நிறுத்த வந்த சிங்களவர். எங்களோடு சிங்களத்தில்தான் பேசுவார். நல்ல மனிதர். தொந்தரவே அதுதான். கெட்டவர் என்றால் ஒரு நாள் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நல்லவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அவர் என்னைக் கேட்காமல் நானூறு குஞ்சுகளுக்கு முன்பதிவு செய்துவிட்டு வந்தார். முட்டைக்கும் ஆகும், இறைச்சிக்கும் ஆகும் என்று சொல்லி விற்கிற இனம். நல்ல இனம்தான், நான் குறை சொல்லமாட்டேன். மழையைத் தாங்கும், தானாக மேயும், சின்ன நோய்க்கெல்லாம் படுத்துவிடாது. ஆனால் அந்த இனத்தின் விஷயம் அதன் பெயரிலேயே இருக்கிறது. நானூறு குஞ்சு வந்தால் ஏறக்குறைய பாதி சேவல். பேடு முட்டையிடும். சேவல் மூன்று நான்கு மாதத்தில் இறைச்சிக்குப் போகும். இரண்டும் நடந்தால்தான் பண்ணை ஓடும்.

குஞ்சுகளுக்கு மூன்று மாதம் ஆனபோது சேவல்களை எப்போது அனுப்புவது என்று கேட்டேன்.

"எங்கேயும் அனுப்பப் போவதில்லை. என் தோட்டத்துக் கோழி கத்திக்குப் போகாது" என்றார்.

"அப்ப ஏன் தொரை இந்த இனத்தை வாங்கினீங்க? பேடு மட்டும் வாங்கியிருக்கலாமே?"

"இதுதான் இயற்கையான இனம்."

சரி, அனுப்பவேண்டாம், நடுவில் ஒரு வேலியாவது போட்டுச் சேவல்களைப் பிரித்து வைப்போம் என்றேன். அதற்கும் தலையாட்டினார், வேண்டாம் என்று. காட்டுக்கோழியை யார் வேலி போட்டுப் பிரிக்கிறார்கள் என்று என்னையே கேட்டார்.

எந்தக் காட்டில் நூற்றுத்தொண்ணூறு சேவல் ஒரே கூரைக்குக் கீழே படுக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு தடவை வேலியைப் பற்றிப் பேசினேன், அப்போதும் வேண்டாம் என்றார். 'ரெண்டு தடவை சொல்லியாச்சு, இனி என் பொறுப்பு இல்லை' என்று மனதுக்குள் கையைக் கழுவிக்கொண்டேன். இந்தக் கைகழுவலை நீங்களும் செய்வீர்கள். எல்லோரும் செய்கிறோம். சொல்லிவிட்டோம் என்பதற்காகக் கோழிக்குச் சாப்பாடு கிடைத்துவிடாது.

கொட்டகையில் நான்கு பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் பெரியவள் பாக்கியம். நாற்பத்தைந்து வயது. பத்தொன்பது வயதிலிருந்து ரப்பர் பால் வெட்டியவள். முழங்கால் தேய்ந்து மேட்டில் ஏற முடியாமல் போனபிறகு கோழி வேலைக்கு வந்தாள். கோழிப் பகுதியை மூடினால் அவளுக்கு மறுபடியும் மலைதான், அந்த முழங்காலோடு. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அதை அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவள் சொன்னது வேறு. பேடுகள் முட்டையிடத் தொடங்கிய ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் காலை என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், பேடுங்க சாப்பிடலீங்க."

"தொட்டி காலியாத்தானே இருக்கு?"

"காலியாத்தாங்க இருக்கு. யாரு சாப்பிட்டான்னு பாத்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "பாக்கியம், நான் இருபது வருஷத்துக்கு மேல கோழி பாக்குறேன்."

"அதுக்கில்லீங்க மிஸ். பேடுங்க எல்லாம் பரண் மேல ஏறி ஒக்காந்துக்கிட்டு எறங்கமாட்டேங்குது. எறங்கினா சேவலுங்க முதுகுல ஏறி மிதிக்குது. எறகெல்லாம் போச்சு. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் எல்லாம் வெளியே மிளகுக் கொடிக்கடியில் மேய்ந்துகொண்டிருந்தன. "நல்லாத்தானே மேயுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். காலையில் தீனி வைக்கிற நேரத்தில் போய்ப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அறிக்கை எழுதுகிற வேலை இருந்தது. என்ன அறிக்கை என்று இப்போது ஞாபகமில்லை.

பிறகு மழை பிடித்தது. நம் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோழிகளை வெளியே விட முடியவில்லை. நானூறும் உள்ளேயே கிடந்தன. கீழே போட்டிருந்த உமி ஈரமாகிக் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை நான்கு பேடு செத்துக் கிடந்தன. எச்சத்தில் இரத்தம். இரத்தக் கழிச்சல். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், ஈரக் கொட்டகையில் வழக்கமாக வருவதுதான். உமியை அள்ளி மாற்றச் சொன்னேன். தரையில் சுண்ணாம்பு தூவினோம். துரைக்குப் போன் செய்தேன். அவர் அப்போது கொழும்பில் இருந்தார். மஞ்சளும் பூண்டும் அரைத்துத் தண்ணீரில் கலக்கச் சொன்னார். கலந்தோம்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று செத்தன.

"மருந்து குடுக்கணும் தொரை."

"வெள்ளிக்கிழமை சான்றிதழ் பரிசோதகர் வருகிறார் என்று தெரியும்தானே? மருந்து கொடுத்தால் சேதனச் சான்றிதழ் போய்விடும். மஞ்சளைக் கூட்டுங்கள்."

மஞ்சளைக் கூட்டினோம். கொட்டகை முழுதும் கல்யாண வீட்டுச் சமையற்கட்டு மாதிரி மணத்தது. புதன்கிழமை காலையில் பத்தொன்பது.

அதற்குப் பிறகுதான், துரையைக் கேட்காமல், அரசாங்க மிருக வைத்தியருக்குப் போன் செய்தேன்.

வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை. படித்து முடித்து முதல் நியமனம் எங்கள் பக்கம். முப்பதுகூட ஆகியிருக்காது. மழைக்கோட்டோடு ஸ்கூட்டரை மேடு முழுவதும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். இறங்கியதும் காலில் ஏறியிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "எங்கை அன்ரி செத்ததுகள்?" என்றார்.

அன்ரி! இருபது வருடத்துக்கு மேல் கோழியோடு கிடந்தவளை அத்தை என்று கூப்பிடுகிறது. எனக்குப் பிடிக்கவேயில்லை. ஆனால் பதில் சொல்வதற்குள் அந்தப் பிள்ளை கையுறையைப் போட்டுக்கொண்டு, வெளித்தாழ்வாரத்தில் ஒரு சாக்கை விரித்து, செத்த பேடுகளில் மூன்றைப் பொறுக்கி வைத்துவிட்டது. பாக்கியம் வாளியில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றாள்.

முதலாவதைக் கிழித்துப் பார்த்தார். குடல் முழுக்க இரத்தம். நான் சொன்னதுதான் என்பதுபோல் தலையாட்டினேன். ஆனால் அவர் குடலோடு நிற்கவில்லை. கழுத்துக்குக் கீழே இருக்கிற தீனிப்பையையும் பிளந்து விரலால் தடவிப் பார்த்தார். காலி. இரண்டாவதும் அப்படியே, குடலில் இரத்தம், தீனிப்பை காலி.

மூன்றாவதில் இரத்தமே இல்லை. குடல் சுத்தமாக இருந்தது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. தீனிப்பைக்குள் மூன்று உமித் தோலைத் தவிர ஒன்றுமில்லை.

"இதுக்கு வருத்தம், நோய் ஒண்டுமே இல்லை அன்ரி" என்றார் அந்தப் பிள்ளை. "இது பட்டினியிலை செத்திருக்கு."

எனக்கு முகம் சுட்டது. பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை. வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"சேவலும் பேடும் ஒண்டாவே விட்டிருக்கிறியள்? இந்த வயசிலை? தொட்டியடியிலை அதுகள் நிக்கேக்கை பேடு கிட்டப் போகுமே? பட்டினி கிடந்து, ஈரத்திலை நிண்டு, பெலன் இல்லாமல் போனாப் பிறகுதான் இந்தக் கழிச்சல் பிடிச்சிருக்கு. நீங்கள் வருத்தத்தைப் பாத்தியள், அதுக்கு முதல் நடந்ததைப் பாக்கேல்லை."

"தொரைக்கிட்ட சொன்னேங்க. கேக்கல" என்றேன்.

"சரி. இனிக் கேக்கத் தேவையில்லை. சேவலைப் பிரியுங்கோ. இந்த மருந்தை இண்டைக்கே குடிதண்ணியிலை கலந்து குடுங்கோ."

பண்ணையின் நாட்குறிப்பைக் கொண்டுவரச் சொன்னார். தினமும் எத்தனை செத்தது, என்ன கொடுத்தோம் என்று எழுதுகிற பெரிய கொப்பி அது. சான்றிதழுக்கு அது கட்டாயம். அதில் தன் கையாலேயே எழுதினார். புதன், காலை பதினொரு மணி, மருந்தின் பெயர், அளவு. கடைசியில் 'இன்றே' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். மருந்துப் பொட்டலங்களை என் கையில் தந்தார்.

நான் சான்றிதழைப் பற்றி இழுத்தேன்.

"அந்தச் சட்டத்தை நீங்கள் வாசிச்சனீங்களே?"

"தொரை வாசிச்சிருப்பாருங்க."

"நானும் வாசிக்கேல்லை. ஆனா சாகிற சீவனுக்கு மருந்து குடுக்காதையுங்கோ எண்டு எழுதியிருக்க மாட்டாங்கள்" என்று சொல்லிவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பினார்.

அந்தச் சட்டப் புத்தகம் என் தலைக்கு மேலே அலுமாரியில்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. துரை இணையத்தில் பார்த்ததை நம்பினார், நான் துரையை நம்பினேன். இரண்டு படித்த ஆட்கள்! எழுந்து கையை நீட்டினால் எட்டுகிற உயரம்.

பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். மருந்தைத் தண்ணீரில் கலக்கவில்லை. துரைக்குப் போன் செய்தேன். எஹலியகொடைக்கு இந்தப் பக்கம் மண்சரிந்து பாதை அடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமைதான் வர முடியும் என்றார். வைத்தியர் மருந்து தந்திருக்கிறார் என்றேன். "ரெண்டு நாள்தானே. பரிசோதகர் வந்து போகட்டும். அதுவரை தள்ளிப் போடுங்கள்" என்றார்.

"சரி தொரை" என்றேன்.

மருந்தை மேசை இழுப்பறையில் வைத்து மூடினேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். அந்த நாலு பெண்களுக்காகத்தான் செய்கிறேன், சான்றிதழ் போனால் அவர்கள் வேலையும் போய்விடும் என்றும் நினைத்தேன். நல்ல காரணங்கள் எப்போதும் கூட்டமாகத்தான் வரும். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் ஆறு செத்தன.

வியாழக்கிழமை நான் வேலைக்கு வந்தபோது பாக்கியமும் மற்ற மூன்று பேரும் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். மதியத்துக்கு மேல் பாக்கியம் வந்தாள். முழங்கைவரை சேறும் சுண்ணாம்பும். வழக்கம்போல் வாசலில் நிற்காமல் நேராக மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"முப்பத்தொன்னுங்க மிஸ்."

நாட்குறிப்பில் எழுதினேன்.

"நேத்து டாக்டரம்மா குடுத்த மருந்து எங்கங்க?"

"தொரை வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்காரு."

"தொரை கொழும்புல இருக்காருங்க. சாவுறது இங்கதான."

"சான்றிதழ் போயிட்டா இந்தப் பகுதிய மூடிருவாங்க பாக்கியம். ஒனக்கு வேலை போயிரும். அதையும் யோசிச்சியா?"

"கோழியே இல்லாம கோழி வேலை ஏதுங்க மிஸ்?" என்றாள். குரல் உயரவில்லை. "எனக்காகப் பொறுக்குறேன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் பொறுக்கச் சொல்லலீங்க."

இழுப்பறையைத் திறந்தேன். அப்போது மணி இரண்டு. மருந்து என் கைக்கு வந்து இருபத்தேழு மணி நேரம்.

தொட்டிகளைக் கழுவி மருந்துத் தண்ணீர் வைத்தோம். பிறகு சேவல்கள். அவற்றை எங்கே வைப்பது என்று நான் திணறியபோது, "பழைய பொகக்கூடம் இருக்குதுங்களே" என்றாள் பாக்கியம். ரப்பர் ஷீட் உலர்த்திய காலத்துப் புகைக்கூடம். வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. ஆனால் கூரை ஒழுகாது, தரை சிமெந்து. பூட்டை உடைத்தோம். நான்கு பெண்களும் நானும், ஐந்து பேரும் கொட்டும் மழையில் சேவல் பிடித்தோம். கையெல்லாம் கீறல். ஒரு சேவல் என் குடையைக் கொத்திக் கிழித்தது. ஒருத்தி வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே இரண்டு சேவலின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

பொழுது சாய்வதற்குள் கடைசிச் சேவலும் புகைக்கூடத்துக்குள் போனது. கொட்டகையில் தீனி வைத்தோம். முதலில் ஒரு பேடு பரணிலிருந்து இறங்கி, கழுத்தை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தது. யாரும் துரத்தவில்லை. கொத்தத் தொடங்கியது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் இறங்கின. சத்தமே இல்லை. தொட்டித் தகரத்தில் அலகு படுகிற சத்தம் மட்டும். நாங்கள் ஐந்து பேரும் நனைந்துபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து நாளைக்கு முன்னால், ஒரு காலையில், ஐந்து நிமிடம் இப்படி நின்று பார்த்திருந்தால் போதும். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என்மேல்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் ஓரளவு தலைநிமிர்ந்து இதைச் சொல்லலாம். நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாதை திறந்து, பரிசோதகர் வருவதற்கு அரைமணி முன்னால் துரை ஜீப்பில் வந்து இறங்கினார். புகைக்கூடத்துச் சேவல்களைப் பார்த்தார், மருந்துத் தண்ணீரைப் பார்த்தார். கத்தவில்லை. முகம் வெளுத்துப்போய், "இன்று மட்டும் மருந்தைப் பற்றி யாரும் பேசவேண்டாம்" என்றார்.

நான் அறைக்குப் போய் நாட்குறிப்பைத் திறந்தேன். ஒரு பக்கத்தில் வைத்தியப் பிள்ளையின் எழுத்து. புதன், பதினொரு மணி, 'இன்றே', இரண்டு கோடு. அதன் கீழே என் எழுத்து. வியாழன், இரண்டு மணி, மருந்து கொடுக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவில், அதே பக்கத்தில், செத்த கோழிகள். யார் வாசித்தாலும் கேட்பார்கள், புதன்கிழமை வந்த மருந்து வியாழக்கிழமைவரை எங்கே இருந்தது என்று.

அந்தத் தாளைக் கிழித்தேன். துரை கிழிக்கச் சொல்லவில்லை. சான்றிதழுக்காகத்தான் கிழிக்கிறேன் என்று அந்த நேரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என்னைக் காப்பாற்றக் கிழித்தேன்.

பரிசோதகர் வயதான, சாதுவான சிங்களவர். குடையை மடக்கிக்கொண்டு மெதுவாக எல்லாவற்றையும் பார்த்தார். கொட்டகைக்குள் வந்தபோது எங்கள் ஒருவரையும் கேட்காமல் நேரே பாக்கியத்தைக் கேட்டார், கோழிகளுக்கு மருந்து கொடுத்தீர்களா என்று. துரை தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதா மூடுவதா என்று யோசித்தேன். பாக்கியம் யோசிக்கவில்லை.

"துன்னா மஹத்தயா. துன்னே நெத்தங் ஒக்கோம மெரெனவா."

கொடுத்தோம் ஐயா, கொடுக்காவிட்டால் எல்லாம் செத்துப்போகும். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சிங்களத்தில் படித்தவள், தெளிவாகவே சொன்னாள்.

பரிசோதகர் தலையாட்டினார். பையிலிருந்து தன் சட்டப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைத் திருப்பி, துரையிடம் நீட்டி விரலால் காட்டினார். நோய் வந்தால் மருந்து கொடுக்க வேண்டும், அந்தக் கோழிகளைக் குறிப்பிட்ட காலத்துக்குச் சேதனம் என்ற பெயரில் விற்கக்கூடாது, அவ்வளவுதான். சான்றிதழைக் காப்பாற்றுவதற்காக மருந்தை நிறுத்தி வைப்பதுதான் குற்றம். துரை அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"நாட்குறிப்பைக் காட்டுங்கள்" என்றார் பரிசோதகர்.

காட்டினேன். கிழிந்த விளிம்பை விரலால் தடவினார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. சலிப்பு. என்னைப்போல் எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

"இந்தத் தாள் எங்கே?"

"கிழிச்சிட்டேன்" என்றேன்.

"மறுபடி எழுதுங்கள். இப்போதே."

எழுத உட்கார்ந்தேன். எண்கள் ஞாபகமில்லை. எனக்கு ஞாபகமில்லை! பயத்தில் எல்லாம் குழம்பிப் போயிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற பாக்கியம் சொல்லத் தொடங்கினாள், அவருக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்தில். திங்கள் நான்கு. செவ்வாய் பதினொன்று. புதன் காலையில் பத்தொன்பது, சாயங்காலம் ஆறு. வியாழன் முப்பத்தொன்று, அதில் சேவல் இரண்டு. இன்று காலை பதினான்கு. ஒரு எண்ணுக்கும் அவள் தடுமாறவில்லை. நான் எழுதிக்கொண்டே போனேன்.

"மருந்து எப்போது வந்தது?" என்று கேட்டார் பரிசோதகர்.

பாக்கியம் பேசவில்லை. அவள் சொல்வாள் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கொட்டகையில் கோழிகள் கிளறுகிற சத்தம் கேட்டது.

"புதன்கிழமை. பகல் பதினொரு மணி" என்றேன்.

"கொடுத்தது?"

"வியாழக்கிழமை. ரெண்டு மணி."

எழுதினேன். பரிசோதகர் ஒரு எச்சரிக்கைக் குறிப்பு எழுதினார். மருந்தைத் தாமதித்ததற்கு ஒரு வரி, தாளைக் கிழித்ததற்கு ஒரு வரி. சான்றிதழ் போகவில்லை. அந்தப் பேடுகள் இட்ட முட்டைகளைச் சாதாரண முட்டை என்று விற்றோம், குறித்த காலம் முடியும்வரை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை. சேவல்களைக் கொண்டுபோக அடுத்த வாரம் வரக்காப்பொலையிலிருந்து லொறி வந்தது. அன்று துரை தோட்டத்துக்கு வரவில்லை. மறு குஞ்சுத் தொகுதிக்கு அவரே தாளில் வரைபடம் போட்டு, நடுவில் வேலி காட்டினார். பார்க்க வருகிறவர்களிடம் சேவலைப் பிரிப்பது தன்னுடைய யோசனை என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும். வேலி இருக்கிறது.

பரிசோதகர் போனபிறகு நான் பாக்கியத்தைத் தேடிப்போனேன். கொட்டகைக்குப் பின்னால் குழியில் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தாள். அவள்மேல் கோபமா நன்றியா என்று எனக்கே தெரியவில்லை.

"எல்லாத்தையும் சொன்ன. மருந்து வந்த நேரத்த மட்டும் ஏன் சொல்லல? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க மிஸ்."

"பின்ன?"

சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

"செத்தத நான் பொதச்சேன், சொன்னேன்" என்றாள். "மருந்த வச்சிருந்தது நீங்கதானேங்க."